சோளச் சக்கை தின்ற காளைகள்

பாக் ஹம்டான் லாரியை விட்டு இறங்கியபோதே அவர் முகம் சரியில்லை என்று காளியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஈப்போ பாசாரில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர் அவர். சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட அந்தப் பழைய தோட்டத்துக்கு, காளியம்மாவின் அப்பா ஐயாவு இருந்த காலத்திலிருந்தே மாடு பிடிக்க வந்துகொண்டிருந்தார்.

"காக், உன் தம்பி மாட்டுக்கு என்ன போடுறான்?" என்று மலாயில் கேட்டார். அக்கா என்பதைத்தான் அவர் காக் என்பார்.

"அவனையே கேளுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது எனக்குத் தெரியாது."

"போன் எடுக்க மாட்டேங்கிறான். காலையில வெட்டித் தொங்கவிடுறேன், மத்தியானத்துக்குள்ள கறி பழுப்பாயிடுது. கொழுப்பு மஞ்சளா, கத்தியில எண்ணெய் மாதிரி ஒட்டுது. பழைய கறியை விக்கிறேன்னு ஒரு அம்மா பையோட தூக்கி என் மேசையில போட்டுட்டுப் போயிடுச்சு."

காளியம்மா மாட்டுக்கு வெட்டி வந்த புல்லைக் கீழே போட்டாள். மனசுக்குள் குளிர்ந்தது. தம்பி கோகிலனின் காளைகள் ஒரு வருடமாகப் பளபளவென்று கொழுத்துக்கொண்டிருந்ததையும், தன்னுடையவை விலா தெரிய நின்றதையும் அவள் தினமும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள்.

அந்த வேலியைப் போட்டது அவள்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது தொழுவத்தில் பவளம் இல்லை. கன்றாக இருந்ததிலிருந்து அவள் கையால் வளர்த்த கறவைப் பசு. காளைகளை மட்டும்தான் வெட்டுக்குக் கொடுப்பது, பால் கொடுத்த பசுவைச் செத்தால் புதைப்பது என்பது ஐயாவு வைத்திருந்த முறை. கோகிலன் அதைத் தாப்பாவிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டிருந்தான். "பால் வத்திப் போச்சு, சும்மா வச்சுக் கும்பிடவா?" என்றான். அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் அவள் மாடுகளைப் பிரித்து நடுவே முள்கம்பி இழுத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கோகிலன் தீவன ஆலை ஒன்றுக்கு லாரி ஓட்டினான். வெளிநாட்டில் சோளத்தைப் புளிக்கவைத்து வண்டிக்கு ஊற்றும் எத்தனால் எடுக்கிறார்கள். மிஞ்சும் சக்கையைக் காயவைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். துறைமுகத்தில் கிழிந்துபோகும் மூட்டைகளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். புல் வெட்ட வேண்டியதில்லை, மேய்க்க வேண்டியதில்லை. தொட்டியில் கொட்டினால் காளைகள் முட்டிமோதித் தின்னும்.

இதெல்லாம் காளியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாக் ஹம்டானிடம் அவள் சொன்னது வேறு.

"சாராயம் வடிச்ச சக்கையைப் போடுறான். அதான் கறி அப்படி."

பாக் ஹம்டான் அவளை உற்றுப் பார்த்தார். "ஆராக்கா?" சாராயத்துக்கு மலாயில் அதுதான் பெயர்.

"ஆமா. மூட்டையை முகர்ந்து பாருங்க. புளிச்ச வாடை அடிக்கும்."

ஹஜ்ஜுப் பெருநாளான ஹரி ராயா ஹாஜி நெருங்கிக்கொண்டிருந்தது. ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பின் சூராவ் என்ற தொழுகைக்கூடம் கொர்பான் பலிக்கென்று கோகிலனின் காளைகளை பாக் ஹம்டான் மூலம் பேசி வைத்திருந்தது. தான் சொன்ன ஒரு சொல் அங்கே என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அன்று மாலை சிம்பாங் பூலாய் பாசாரில் காய் வாங்கப் போனவள், கோழி வெட்டுகிறவனிடமும் அதையே சொன்னாள். தாப்பாவிலிருந்து மாடு பார்க்க வந்த ஆளிடமும் சொன்னாள். ஒரு வாரத்தில் அந்தக் காளைகளுக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது: லெம்பு ஆராக். சாராய மாடு. சூராவ்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

கோகிலன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது அவள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீதானே சொன்ன?"

அவள் நிமிரவில்லை.

"உன்னைத்தான் கேட்கிறேன். என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு ஊமை மாதிரி தேய்ச்சுக்கிட்டு இருக்கியா?"

"கறி கெட்டுப் போறது ஊருக்கே தெரியும். நான் வேற சொல்லணுமா?"

"கறியைப் பத்தி நீ பேசாத. நீ தின்னு பார்த்திருக்கியா? நம்ம வீட்டுல யாராவது தின்னிருக்காங்களா? அந்த வாசனையே பிடிக்காம மூக்கை மூடிக்கிட்டு மாட்டை ஏத்தி அனுப்புற ஜென்மம். உனக்கு என்ன தெரியும் கறி நல்லாருக்கா இல்லையான்னு?"

அது உண்மைதான். அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சி என்ற சொல்லே வராது. மாடு போய்விட்டது, மாடு கொடுத்தாச்சு என்றுதான் பேச்சு. லாரி கிளம்பிய பிறகு அந்த மாடு என்ன ஆகிறது என்பதை யாரும் வாயால் சொன்னதில்லை. அப்பா லாரி போனதும் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"தின்னாத்தான் தெரியணுமா?" என்றாள். "உன் கண்ணுக்கே தெரியும். மாடா அது? புல்லைக் கண்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல."

"பொறாமைலா உனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவன் முள்கம்பியைக் காலால் ஓங்கி உதைத்தான். ஒரு கட்டை சாய்ந்தது. அவன் போன பிறகு அவள் அதை நிமிர்த்தி, கல் வைத்து அடித்து இறுக்கினாள். அடிக்கும்போது தம்பியின் முகம்தான் மனதில் இருந்தது.

சில நாள் கழித்து, கோகிலன் லாரியோடு துறைமுகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், அவன் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. காளியம்மா எட்டிப் பார்த்தாள். பெரிய கறுப்புக் காளை நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. விலகவில்லை. பின்னங்கால்கள் நடுங்கின. கண் திறந்திருந்தது. பக்கத்தில் போன பூனைக்கு அது அசையவே இல்லை. கண் தெரியவில்லை என்று காளியம்மாவுக்குப் புரிந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். செத்தால் சாகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கோகிலனின் மனைவி விமலா வேலியருகே ஓடிவந்தாள். ஈப்போவில் கையுறை தொழிற்சாலையில் வேலை செய்பவள். வேலை உடுப்போடு இருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வந்து பாருங்க. அவரு போன் எடுக்கல. எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"என்னை ஏன் கூப்பிடுற? நான் வந்து தொட்டா நாளைக்கு நான்தான் வெஷம் வச்சேன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். மாடு தலையை உடைச்சுக்குது, அண்ணி."

காளியம்மா போகவில்லை. ஆனால் உள்ளே போய் அரசாங்க மாட்டு டாக்டர் பிரமிளாவுக்குப் போன் போட்டாள். தன் கன்றுகளுக்கு ஊசி போட வருகிற பெண். பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தாள், சீக்கிரமே வந்துவிட்டாள்.

பிரமிளா காளையின் கண்முன் கையை ஆட்டிப் பார்த்தாள். தொட்டியிலிருந்து ஒரு பிடி சக்கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு பி ஒன்று வைட்டமின் ஊசியைக் கழுத்தில் போட்டாள். அதற்குள் விமலாவின் அழைப்பைப் பார்த்துக் கோகிலனும் வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக, வேலியோரம் நின்ற அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"இவதான் எதையோ கலந்துட்டா, டாக்டர். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுங்க."

"கலந்தது நீங்கதான்," என்றாள் பிரமிளா. "இந்தச் சக்கையில கந்தகம் அதிகம். புல்லு, புண்ணாக்கோட கொஞ்சமா போட்டா நல்ல தீவனம். நீங்க இதையே மூணு வேளைச் சோறா போட்டிருக்கீங்க. மூளையைத் தாக்கிடுச்சு. ஊசியைச் சீக்கிரம் போட்டதால பிழைக்க வாய்ப்பிருக்கு. அக்கா கூப்பிடலைன்னா சாயங்காலம் குழிதான் வெட்டியிருப்பீங்க."

கோகிலன் அக்காவைப் பார்க்கவில்லை. நன்றி என்ற ஒரு வார்த்தையும் வரவில்லை. "அப்போ கறி?" என்று கேட்டான்.

"சோள எண்ணெய் இதுல மிஞ்சி இருக்கும். அது மாட்டுக் கொழுப்புல இறங்கிடும். கொழுப்பு இளகும், கறி சீக்கிரம் நிறம் மாறும். கெட்டுப்போன கறி இல்ல, பார்க்கத்தான் அப்படி. விக்கிறதுக்கு முன்னாடி சில வாரம் சக்கையைக் குறைச்சுப் புல்லு போடுங்க. வைட்டமின் ஈ சேருங்க. சரியாயிடும்."

"சாராயம் இருக்கா இதுல?"

பிரமிளா சிரித்துவிட்டாள். "காய்ச்சி, பிழிஞ்சு, வறுத்துக் காயவச்சது. இதுல என்ன சாராயம் இருக்கப்போகுது? யார் சொன்னா?"

விமலா காளியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் காளியம்மாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

காளை இரண்டு நாளில் தலையை எடுத்தது. கோகிலன் டாக்டர் சொன்னதை பாக் ஹம்டானிடம் போய்ச் சொன்னான். "நீ சொல்றதை நான் நம்புறேன்," என்றார் அவர். "சூராவ்காரங்க நம்பணுமே. சொன்னது உன் கூடப்பிறந்தவ. அவளே வந்து இல்லைன்னு சொல்லட்டும்." அதோடு, தன் கடையில் அன்று வெட்டியதில் ஒன்று கோகிலனுடைய மாடு, ஒன்று காளியம்மாவுடையது என்றும், தன் மனைவியின் சாப்பாட்டுக் கடையில் இரண்டையும் தனித்தனியாகச் சமைக்கச் சொல்வதாகவும், சூராவ் ஆட்கள் தின்று பார்த்துத் தாங்களே முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார்.

விமலாதான் வந்து கூப்பிட்டாள். "வாரேன்," என்றாள் காளியம்மா. "சாராயம் இல்லைன்னு சொல்லிடுறேன். ஆனா கறி மத்தியானத்துல கறுக்குதுன்னும் சொல்லுவேன். அதையும் மறைக்க மாட்டேன்."

பாசாருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கடை. நீள மேசையில் இரண்டு கிண்ணங்கள். வெறும் உப்பும் மிளகும் போட்டு வேகவைத்த கறி. சூராவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் நிதானமாகத் தின்றார்கள். ஒருவர் இடப்பக்கத்துக் கிண்ணத்தைக் காட்டி, இது மிருதுவாக இருக்கிறது என்றார். மற்றவரும் தலையாட்டினார். அது கோகிலனின் மாடு.

கோகிலன் அக்கா பக்கம் திரும்பினான். ஒரு வருடக் கோபம் அவன் முகத்தில் சிரிப்பாக வந்திருந்தது.

"கேட்டுக்கிட்டியா? இப்போ சொல்லு, என் கறி கெட்ட கறின்னு."

"சாராயம் இல்ல," என்று காளியம்மா சூராவ்காரர்களிடம் மலாயில் சொன்னாள். "நான் சொன்னது பொய். ஆனா கறி நிறம் மாறுறது நிஜம்."

"நிஜம் பேச வந்துட்டா," என்றான் கோகிலன். "பொய்தான் சொல்லத் தெரியும் இவளுக்கு. வாயில வைக்காமலே ஊரெல்லாம் தீர்ப்பு சொன்னவ. அவ்வளவு ரோஷம் இருந்தா தின்னு பார்த்துட்டுச் சொல்லு. முடியுமா உன்னால?"

பாக் ஹம்டான் கையை உயர்த்தினார். "கோகிலன், அப்படிப் பேசாதே. அவங்க சாப்பிட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்." அவர் மனைவி எழுந்து கிண்ணங்களை எடுக்க வந்தாள். "காக், வேண்டாம்," என்றாள்.

காளியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் யோசித்துச் செய்யவில்லை. தம்பியின் அந்தச் சிரிப்பு அவள் கண்முன் நின்றது, அவ்வளவுதான். தன் மாட்டின் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். பிறகு அவன் மாட்டின் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு. கண்ணில் நீர் முட்டியது. துப்பாமல் முழுவதையும் மென்று விழுங்கினாள். முதல் துண்டின் காளையைப் புல் போட்டு வளர்த்ததும் இதே கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோகிலனின் சிரிப்பு போய்விட்டது. விமலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னுது மெதுவா இருக்கு," என்றாள் காளியம்மா. "என்னுது நார். போதுமா? இனிமே என்னைத் தின்னு பார்த்தியான்னு கேட்காத."

தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே போனாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பின்னாலேயே வந்த விமலா முதுகைத் தடவினாள். காளியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

சூராவ்காரர்கள் அந்த வருடம் ஏற்கெனவே பாகான் செராய் பக்கம் மாடு பேசிவிட்டிருந்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோகிலனுக்கு அந்தப் பருவம் போனது போனதுதான். அக்கா உண்மையைச் சொன்னதால் அவனுக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. எல்லார் முன்னாலும் அவன் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாளே என்பதுதான் அவனை அரித்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு பாதிப் பேர் ஈப்போவுக்குப் போய்விட்டாலும் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். கோயில் தலைவர் பத்துமலை அன்னதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பல வருடமாக அன்னதானச் சமையலுக்குத் தலைமை காளியம்மாதான்.

கோகிலன் எழுந்தான்.

"தலைவரே, சாமி சாப்பாட்டுல யாரு கை வைக்கிறாங்கன்னு பார்க்கணும்லா. எங்க அக்கா ஈப்போ பாசார்ல உட்கார்ந்து மாட்டுக்கறி தின்னாங்க. நான் கண்ணால பார்த்தேன்."

பத்துமலை காளியம்மாவைப் பார்த்தார். "நெசமா?"

"நெசம்தான். தின்னேன்."

"என்னம்மா இது?"

"மாட்டை வளர்த்து வெட்டுக்கு அனுப்பினப்போ யாரும் கேட்கல. போன வருஷம் கோயில் கூரைக்குத் தகரம் போட்டது எங்க காளையைக் குடுத்துத்தான். அப்போ சாமிக்குத் தீட்டு இல்ல. ரெண்டு துண்டு என் வாயில போனதும் வந்துடுச்சா?"

பின்னால் யாரோ, திமிரைப் பாரு என்றார்கள். இன்னொரு கிழவர் செருமினார். பத்துமலைக்குச் சண்டை வேண்டாம், அவ்வளவுதான். "இந்த வருஷம் காளியம்மா ஒதுங்கி இருக்கட்டும். சமையலை விமலா பார்க்கட்டும்," என்றார்.

விமலா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"நான் சமைக்க மாட்டேன். தின்னு பாருன்னு சொன்னது இவருதான். கடையில அத்தனை பேரு முன்னால சொல்லிக் குத்திக் குத்தி, தின்ன வச்சுட்டு, இங்க வந்து தின்னாங்கன்னு சொல்றாரு. எங்க மாடு செத்துக்கிட்டு இருந்தப்போ டாக்டரைக் கூப்பிட்டதும் இவங்கதான்."

"நீ உட்காரு," என்றான் கோகிலன்.

"உட்கார மாட்டேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கூட்டம் அத்தோடு கலைந்தது. ஆனால் முடிவு மாறவில்லை. அன்னதானத்துக்கு ஈப்போவிலிருந்து சமையல்காரர்களைப் பேசினார்கள். சாமி ஊர்வலம் காளியம்மா வீட்டு வாசலில் நிற்காது என்றும் முடிவானது. அதை அவளிடம் யாரும் நேரில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

காளியம்மா அழவில்லை. அந்த வாரம் முழுவதும் மாட்டைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அவள் பக்கத்து வேலியில் இன்னும் இரண்டு வரிசை முள்கம்பி ஏறியது. அந்தப் பக்கம் கோகிலன் புல் வெட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபடி சக்கையைக் குறைத்துவிட்டிருந்தான். அரிவாளைத் தப்பாகப் பிடித்திருந்தான், உள்ளங்கை கொப்புளித்துவிடும். அவள் தன் மாடுகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர்வலத்தன்று மாலை உறுமிச் சத்தம் செம்பனைக்குள்ளிருந்து நெருங்கி வந்தது. காளியம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஏதோ அரவம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விமலா பட்டுப்புடவையோடு, தேங்காய் பழத் தட்டை ஏந்திக்கொண்டு, காளியம்மாவின் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

காளியம்மா கதவைத் திறந்தாள். "உன் வீடு அங்க இருக்கு. இங்க எதுக்கு நிக்கிற?"

"இந்த வருஷம் நான் இங்கதான் தட்டு கொடுக்கப்போறேன்."

"அவன் உன்னைச் சும்மா விடமாட்டான்."

"தெரியும், அண்ணி."

"எனக்காகச் செய்யாத. எனக்கு யாரு தயவும் வேண்டாம்."

"உங்களுக்காக இல்ல," என்றாள் விமலா. "எனக்கு வெட்கமா இருக்கு. அதுக்காக."

சாமியை ஏற்றிய சின்ன லாரி திருப்பத்தில் வந்தது. பத்துமலை முன்னால் நடந்தார். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் விமலா நடுவழியில் இறங்கி நின்றாள். லாரிக்காரர் பிரேக் போட்டார். பூசாரி தட்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். பத்துமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பூசாரி தட்டை வாங்கித் தேங்காயை உடைத்து, தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வீட்டு வாசலில் கோகிலன் நின்றிருந்தான். அவன் கையில் தட்டு இல்லை. லாரி தன் வீட்டைத் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினான்.

லாரி கிளம்புமுன் பூசாரி நீட்டிய திருநீற்றைக் காளியம்மா எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது விமலாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா," என்றாள். "இப்போ வீட்டுக்குப் போகாத. கொஞ்சம் கழிச்சுப் போ."